முதல் வரைவை ஏஐ எழுதிவிட்டால், புதிதாக வருபவர் எதில் கை பழகுவார்?

கேள்வி: ஒப்புநோக்கி

அனைவருக்கும் வணக்கம். பதினாறு வருஷமாக மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. பெரும்பாலும் மருத்துவக் கருவிகளின் கையேடுகள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்கள், மருத்துவ ஆய்வில் சேருகிறவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவங்கள். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு இப்போது நான்தான் பொறுப்பு. இந்த மாதக் கடைசிக்குள் நிர்வாகத்துக்கு ஒரு பதில் எழுதியாக வேண்டும். எப்படி எழுதுவது என்று பிடிபடவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் தொழில் பழக வரும் புதியவர்களில் இரண்டு பேரைப் பயிற்சியாளர்களாக எடுப்போம். இந்த வருஷம் வேண்டாம் என்கிறார்கள். பயிற்சியாளர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதும் முதல் வரைவை ஏஐ இரண்டு நிமிஷத்தில் தந்துவிடுகிறது. அதைச் சரிபார்க்க அனுபவம் உள்ள ஒருவர் போதும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் தப்பு இல்லை. நானே தினமும் அப்படித்தான் வேலை செய்கிறேன். வரைவும் நன்றாகவே இருக்கிறது.

எனக்குப் பயமே அது நன்றாக இருப்பதுதான். முன்பெல்லாம் இயந்திர மொழிபெயர்ப்பின் தப்பு கண்ணில் அடிக்கும். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியின் கையேட்டில் 'டிஸ்சார்ஜ்' என்ற சொல் வரும். தேக்கிய மின்சாரத்தை வெளியே விடு என்று அர்த்தம். பழைய மென்பொருள் 'நோயாளியை வீட்டுக்கு அனுப்பவும்' என்று எழுதியது. அதைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள். இன்றைய ஏஐ அந்தத் தப்பைச் செய்வதில்லை. போன மாதம் ஒரு வரைவில் இப்படி ஒரு வரி வந்தது: 'விளக்கு மினுக்குவது நின்ற பிறகு நோயாளியைத் தொடக் கூடாது.' படித்தால் எங்கும் இடறாது. மூலத்தில் இருந்தது, மினுக்குவது நிற்கும் வரை தொடக் கூடாது என்று. நேர் எதிர். இன்னொரு மருந்துத் தாளில் மைக்ரோகிராம் பதினோரு இடத்தில் வருகிறது. பத்து இடத்தில் சரியாக இருந்தது, ஓர் இடத்தில் மில்லிகிராம் ஆகியிருந்தது. ஆயிரம் மடங்கு.

இரண்டையும் நான் பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சேர்ந்த முதல் வருஷம் முழுக்க எனக்கு ஒப்புநோக்கும் வேலைதான். மூத்தவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார், நான் தமிழின்மேல் பென்சிலை நகர்த்திக்கொண்டு போவேன். எண் வந்தால் நிறுத்தி, அலகோடு சேர்த்து நானும் சொல்ல வேண்டும். 'வரை', 'தவிர', 'மட்டும்' வந்தால் பென்சிலால் வட்டம் போட வேண்டும். அன்றைக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. இப்போது மினுக்கும் விளக்கு வரியைக் கடந்தபோது 'வரை' இல்லாததை என் கண்தான் முதலில் பார்த்தது, மனசு அப்புறம்தான் வந்தது. இன்று திருத்துவதற்கு எனக்கு இருக்கும் தகுதியே அன்று நான் செய்த அந்தத் தொடக்கநிலை வேலைதான். ஏஐ இப்போது எடுத்துக்கொள்வதும் அதையேதான்.

வேலைகள் போகுமா, வருமா என்று நிறையப் படித்துவிட்டேன். உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை, 2030-க்குள் 17 கோடி வேலைகள் புதிதாக வரும், 9.2 கோடி போகும் என்று மதிப்பிடுகிறது. கழித்தால் 7.8 கோடி மிச்சம். சந்தோஷம்தான், ஆனால் என் கேள்விக்கு அதில் பதில் இல்லை. என் குழுவில் எல்லோருக்கும் வயது முப்பத்தைந்துக்கு மேல். இன்னும் பதினைந்து வருஷத்தில் நாங்கள் விலகுவோம். அப்போது ஏஐயின் வரைவில் 'வரை' விடுபட்டிருப்பதைப் பார்க்கப்போகும் கண் யாருடையது? அந்தக் கண்ணை எங்கே பழக்குவது? உங்கள் தொழிலில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: பேரேடு

சகோதரி, கணக்குத் தணிக்கையில் இருபத்தாறு வருஷம். உங்கள் கவலை புரிகிறது. பாதிக்குத்தான் ஒத்துப்போகிறேன், மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

நான் சேர்ந்தபோது இருப்பாய்வில், அதாவது எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் பட்டியலில், பற்றும் வரவும் ஒட்டவில்லை என்றால் ராத்திரி ஆனாலும் வீட்டுக்குப் போக முடியாது. வித்தியாசம் 360 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 9-ஆல் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம், 5,840-ஐ 5,480 என்று. அதை மனதில் வைத்துக்கொண்டு பேரேட்டைப் புரட்டுவோம். இரட்டைப்படையாக இருந்தால் பாதியாக்கித் தேடுவோம். பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கும். இதெல்லாம் எங்கள் கையில் ஊறிய வித்தை. இன்றைய மென்பொருளில் பற்றும் வரவும் ஒட்டாத பதிவை உள்ளே போடவே முடியாது. அந்த வித்தை எனக்கு உயிர், ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு அது எதற்கும் ஆகாது. அதைக் கற்றுக்கொடுக்கிறேன் என்று அவர்கள் ஆறு மாதத்தை எடுத்துக்கொண்டால் அநியாயம்.

1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க் கொண்டுவந்தார்கள், ஆப்பிள் டூ கணினிக்கு. கணினித் திரையில் விரிதாள் என்ற பழக்கம் அதிலிருந்துதான் பரவியது. ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்ணெல்லாம் தானே மாறும். அதுவரை அதை ரப்பரும் பென்சிலும் வைத்து ஆட்கள் செய்தார்கள். பிறகு அமெரிக்காவில் கணக்கு எழுதுபவர்களின் எண்ணிக்கை குறைந்தது, கணக்காளர்களும் நிதி ஆய்வாளர்களும் கூடினார்கள். 'விலையை இரண்டு சதவீதம் ஏற்றினால் என்ன ஆகும்' என்று கேட்பது முன்பு ஒரு நாள் வேலை. ஒரு நொடி வேலையான பிறகு எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள், பதில் சொல்ல ஆள் தேவைப்பட்டது.

வங்கியிலும் அதே கதைதான். ஜேம்ஸ் பெசன் என்ற பொருளாதார ஆய்வாளர் எழுதியிருக்கிறார்: 1988-க்கும் 2004-க்கும் நடுவில் அமெரிக்க நகரங்களில் ஒரு கிளைக்குச் சராசரியாக 20 ஆக இருந்த காசாளர்கள் 13 ஆகக் குறைந்தார்கள், ஏடிஎம்தான் காரணம். கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் கூடுதலாகக் கிளை திறந்தன, அதனால் மொத்தக் காசாளர் வேலை சரியவில்லை. பிற்காலத்தில் கைபேசியிலேயே எல்லாம் முடிகிறது என்றானதும் அது இறங்கியது, அதையும் மறைக்கக் கூடாது.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். வாடிக்கையாளர் சேவையில் 5,179 பேரை வைத்து பிரின்ஜோல்ஃப்சன், லீ, ரேமண்ட் மூவரும் செய்த ஆய்வு 2023-இல் வந்தது. ஏஐ உதவியோடு வேலைத்திறன் சராசரியாக 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கு 34 சதவீதம். பழம்தின்று கொட்டை போட்டவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூத்தவர்கள் பேசும் விதத்தைக் கருவி வாங்கிப் புதியவர்களுக்குக் கொடுத்தது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். ஆக, கற்றுக்கொடுக்கும் வேலையையும் அது கொஞ்சம் செய்கிறது. பழைய படிக்கட்டு போனால் வேறு படிக்கட்டு வரும். பயிற்சியாளரை எடுங்கள், ஆனால் நீங்கள் கற்ற வழியிலேயே அவரும் கற்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

பதில்: கதிர்ப்படம்

நான் கதிரியக்க மருத்துவர். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. ஏஐ பற்றிய பேச்சில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் நாங்கள்தான். 2016-இல் ஏஐ ஆய்வின் முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன், கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து வருஷத்தில் ஏஐ எங்களைவிட நன்றாகப் பார்த்துவிடும் என்றார். சாதாரண ஆள் இல்லை, பின்னால் 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கியவர். அந்த ஐந்து வருஷம் முடிந்து எவ்வளவோ ஆகிவிட்டது. பல நாடுகளில் இன்றும் எங்கள் துறைக்கு ஆள் போதவில்லை. அன்று அவர் பேச்சை நம்பிப் பயிற்சியை நிறுத்தியிருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது. உங்கள் நிர்வாகத்துக்கு இதை அவசியம் எழுதுங்கள்.

அவர் கணக்கு எங்கே பிசகியது? படத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு துண்டு. பழைய படத்தோடு ஒப்பிடுவது, அறுவை மருத்துவரோடு பேசுவது, இந்த நோயாளிக்கு இந்தப் படம் தேவையா என்று முடிவெடுப்பது எல்லாம் மீதி. 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிரே, ஆஸ்போர்ன் இருவரும் அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியங்கியாகும் ஆபத்தில் இருக்கிறது என்றார்கள். 2016-இல் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்புக்காகச் செய்த ஆய்வு, ஒவ்வொரு வேலையையும் அதற்குள் இருக்கும் பணிகளாகப் பிரித்துப் பார்த்து 9 சதவீதம் என்றது. வேலையை முழுசாகப் பார்த்தால் ஓர் எண், பிரித்துப் பார்த்தால் வேறோர் எண்.

ஆனால் பேரேடு ஐயா சொல்லும் 34 சதவீதத்தில் எனக்கு ஒரு கேள்வி. கருவி கையில் இருக்கும்போது புதியவர் நன்றாகச் செய்கிறார், சரி. எடுத்துவிட்டால்? 2025-இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் போலந்து ஆய்வு வந்தது. பெருங்குடல் உள்நோக்கியில் புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகளைத் தேடும் அனுபவசாலி மருத்துவர்களைப் பற்றியது. ஏஐ வருவதற்கு முன் அவர்கள் செய்த சோதனைகளில் 28.4 சதவீதத்தில் கட்டி கண்டுபிடித்தார்கள். ஏஐ பழகிய பிறகு அது இல்லாமல் செய்தவற்றில் 22.4 சதவீதம். அதுவும் கை தேர்ந்தவர்களுக்கு, சில மாதங்களுக்குள். 1983-லேயே லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியல் அறிஞர் இதை எழுதிவிட்டார்: எளிதான பகுதியை எந்திரம் எடுத்துக்கொள்ளும், கடினமானது மனிதரிடம் மிஞ்சும், அந்தக் கடினத்தைச் செய்யும் திறமை எளிதானதைச் செய்து செய்துதான் வந்திருக்கும்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு முதியவரின் நெஞ்சு எக்ஸ்ரே. மென்பொருள் வலது நுரையீரல் ஓரத்தில் தெரிந்த ஒரு கோட்டின்மேல் சிவப்புக் கட்டம் போட்டது. நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து, நுரையீரல் சுருங்கியிருக்கலாம் என்ற எச்சரிக்கை. உண்மை என்றால் நெஞ்சில் குழாய் செருக வேண்டியிருக்கும். பயிற்சி மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்து அப்படியே எழுதப் போனார். நான் அந்தக் கட்டத்தை மறைக்கச் சொல்லி, 'கோட்டுக்கு வெளியே என்ன தெரிகிறது?' என்று கேட்டேன். உற்றுப் பார்த்தார். மெல்லிய ரத்தக்குழாய்களின் நிழல் அந்தக் கோட்டைத் தாண்டி விலா ஓரம் வரை போய்க்கொண்டிருந்தது. காற்று நிறைந்த இடமாக இருந்தால் அங்கே குழாய் நிழல் இருக்காது. அந்தக் கோடு முதுகுத் தோலின் மடிப்பு. முதியவருக்குத் தோல் தளர்ந்திருந்தது, படத்தகட்டில் மடிந்து விழுந்திருந்தது.

அன்றிலிருந்து எங்கள் துறையில் ஓர் ஒழுங்கு. பயிற்சி மருத்துவர் முதலில் தானே பார்த்து, தன் முடிவை எழுதிச் சேமித்த பிறகுதான் ஏஐயின் கட்டம் அவர் திரையில் திறக்கும். இரண்டும் வேறுபட்டால் ஏன் என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டும். மெதுவாகத்தான் போகிறது. எங்கள் நிர்வாகமும் முணுமுணுத்தது.

பதில்: சுழியம்

அக்கா, நீங்க கேட்டது மேலேர்ந்து. நான் கீழேர்ந்து சொல்றேன். புரோகிராமிங் படிச்சு முடிச்சு எட்டு மாசமா வேலை தேடுறேன். 'தொடக்கநிலை'ன்னு விளம்பரம் இருக்கும், உள்ள போய்ப் பார்த்தா மூணு வருஷ அனுபவம் வேணும்னு இருக்கும். அந்த மூணு வருஷத்த யார் தருவாங்கன்னு ஒருத்தரும் சொல்றதில்ல.

2025-ல ஸ்டான்ஃபோர்டுலேர்ந்து ஒரு ஆய்வு வந்துச்சு, அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை வெச்சுப் பண்ணினது. ஏஐ அதிகமா தொடுற வேலைகள்ல 22லேர்ந்து 25 வயசுக்காரங்களோட வேலைவாய்ப்பு மத்தவங்களோட ஒப்பிட்டா 13 சதவீதம் இறங்கியிருக்கு. அதே வேலைல மூத்தவங்களுக்கு அப்படி இல்ல. படிச்சதும் எனக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் நிம்மதி. நான் மட்டும் தப்பில்லைன்னு.

நடுவுல மூணு மாசம் ஒரு இடத்துல ஒப்பந்த வேலை கிடைச்சுது. ஏஐ எழுதின புரோகிராமைப் படிச்சுச் சரின்னு டிக் போடறது. பெரும்பாலும் எனக்கு எது சரின்னே தெரியல, டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னா டிக். ஒரே ஒரு தடவ நிஜமா ஒண்ணு பிடிச்சேன். ஜனவரி மாச அறிக்கை கேட்டா பிப்ரவரியோடது வருது. ஜாவாஸ்கிரிப்ட்ங்கிற புரோகிராமிங் மொழில மாசத்த பூஜ்யத்துலேர்ந்து எண்ணணும், ஜனவரி 0, டிசம்பர் 11. புரோகிராம்ல ஒரு இடத்துல ஜனவரிக்கு 1ன்னு இருந்துச்சு. பார்த்த உடனே தெரிஞ்சுது. ஏன்னா காலேஜ்ல அதே தப்ப நான் பண்ணி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அழாத குறையா தேடியிருக்கேன். மத்த தப்பெல்லாம் நான் பண்ணினதே இல்ல, அதனால என் கண்ணுல படவும் இல்ல.

நீங்க அந்த ரெண்டு பேர எடுங்க அக்கா. யார் அவங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா எங்கேயோ உட்கார்ந்து மெயில் பார்த்துட்டு இருப்பாங்க.

பதில்: பட்டறை

நான் சின்ன இயந்திரப் பட்டறை நடத்துறவன். எழுத்து வேலை தெரியாது, இரும்பு தெரியும். சிஎன்சி மெஷின் எங்ககிட்ட வந்து ரொம்ப நாள் ஆச்சு. அளவக் கணினில போட்டா அதுவே கடைஞ்சு கொடுத்துடும். ஆனாலும் புதுசா வர்ற பையனுக்கும் பொண்ணுக்கும் முதல்ல கை லேத்துலதான் வேலை. அரம் பிடிச்சு ராவச் சொல்வேன். உளி இரும்பத் தொடுற சத்தம் காதுல ஏறணும். சத்தம் கிறீச்சுன்னு அதிர்ந்தா பிடி தளர்ந்திருக்கும், இல்ல வேகம் கூடியிருக்கும். எஃகுச் சுருள் நீலமா வந்தா அவ்வளவு சூடு ஏறியிருக்குன்னு அர்த்தம். இது தெரிஞ்சவனை சிஎன்சிகிட்ட நிறுத்தினா, உள்ள ஏதோ சரியில்லைன்னு கதவு மூடியிருக்கும்போதே நிறுத்திடுவான். தெரியாதவன் திரையில பச்சை எரியுதான்னு பார்த்துட்டு நிப்பான்.

ஆனா அம்மா, உங்க முதலாளி பக்கத்தையும் சொல்லணும். நான் ஒருத்தன ரெண்டு வருஷம் பழக்கி ஆளாக்குவேன். பக்கத்துப் பட்டறை கொஞ்சம் கூடக் கொடுத்துக் கூட்டிட்டுப் போயிடுவான். அவன் பழக்குறதே இல்ல, பழகினவனைத்தான் எடுப்பான். எல்லாரும் அப்படியே நினைச்சா ஒரு நாள் எடுக்க ஆளே இருக்காது, எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் யாரும் முதல்ல செலவு பண்ண மாட்டாங்க. இதுல கோவப்பட்டுப் பிரயோசனம் இல்ல. நான் பண்ணினது: ரெண்டு வருஷம் முடிச்சு மூணாவது வருஷமும் இருந்தா சம்பளத்துல நல்லா ஏத்தம்னு முதல் நாளே எழுதிக் கொடுத்துடுறேன். பாதிப் பேர் இருக்காங்க. அது போதும்.

நிர்வாகத்துக்கு எழுதும்போது எதிர்காலம், சமுதாயம்னு ஆரம்பிச்சுடாதீங்க. அந்த மில்லிகிராம் தாள முதல்ல வெச்சுடுங்க. அது வெளியே போயிருந்தா என்ன செலவாகியிருக்கும்னு அவங்களே கணக்குப் போட்டுக்குவாங்க.

பதில்: ஒப்புநோக்கி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் பதில் எழுதாமல் படித்துக்கொண்டே இருந்தேன்.

சுழியம், உன் பதிலைப் படித்தபின் தொலைபேசி இணைப்பகங்களின் கதை நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இளம்பெண்கள் பெருவாரியாகச் செய்த வேலைகளில் அது ஒன்று. அழைப்பு வந்தால் கம்பியை எடுத்து உரிய துளையில் செருகித் தருவார்கள். தானியங்கி இணைப்பகத்துக்கு ஸ்ட்ரோஜர் 1891-லேயே காப்புரிமை வாங்கிவிட்டாலும், ஏடி அண்ட் டி நிறுவனம் ஊர் ஊராக மாற்றியது 1920-க்குப் பிறகுதான். அதைப் பற்றி ஃபைகன்பாம், கிராஸ் இருவரும் ஆராய்ந்தார்கள். வேலையில் இருந்த பெண்களில் பலர் பத்து வருஷம் கழித்து வேலையில் இல்லை, அல்லது சம்பளம் குறைந்த வேலையில் இருந்தார்கள். அடுத்து வளர்ந்து வந்த பெண்களுக்கோ அலுவலகத்திலும் உணவகங்களிலும் வேறு வேலைகள் இருந்தன. அன்று அடி உள்ளே இருந்தவர்களுக்கு. உன் 13 சதவீதம் உண்மையென்றால் இந்தத் தடவை அடி வாசலில் நிற்பவர்களுக்கு. உள்ளே இருக்கும் எங்களுக்கு வலிக்காததால் எங்கள் கண்ணில் படாமலே போய்விடும். இதை உன்னிடம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: நீ பிடித்த அந்த ஜனவரித் தப்பை உன் விண்ணப்பத்தின் முதல் பத்தியில், இங்கே எழுதிய மாதிரியே எழுது. ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், சான்றிதழ் பட்டியலைவிட அது எனக்கு அதிகம் சொல்லும்.

பேரேடு ஐயா, நீங்கள் சொன்ன 9-இன் வித்தை என்னை உலுக்கியது. நான் கற்றதில் எது வித்தை, எது இன்னும் தேவை என்று இரண்டாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். எழுத்துப்பிழை தேடியது, கலைச்சொல் அகராதி புரட்டியது, பழைய மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் எங்கே வந்தது என்று கோப்பு கோப்பாகப் பார்த்தது எல்லாம் முதல் பக்கம் போய்விட்டது. ஏஐ தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். இன்னொரு பக்கம் மிஞ்சியது நாலே நாலு: எதிர்மறை, எல்லைச் சொற்கள், எண்ணும் அலகும், அப்புறம் இந்த வரியைப் படிக்கப்போகிறவர் யார் என்ற நினைப்பு. கடைசியாகச் சொன்னது மற்ற மூன்றையும்விடப் பெரியது. ஒப்புதல் படிவத்தில் 'எந்த நேரத்திலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்' என்று எழுதுவதற்கும் 'பங்கேற்பாளர் எச்சமயத்திலும் விலகும் உரிமை உடையவர்' என்று எழுதுவதற்கும் பொருளில் வித்தியாசம் இல்லை. அறுவைக்கு முந்தின ராத்திரி பயத்தோடு படிக்கிறவருக்கு வித்தியாசம் இருக்கிறது. அதை எனக்குப் பாடமாக யாரும் சொல்லவில்லை. என் பழைய வரைவை மூத்தவர் மௌனமாக என் முன்னால் திரும்பப் படித்துக் காட்டினார், அவ்வளவுதான்.

நேற்று நிர்வாகத்துக்கு எழுதிவிட்டேன். பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி மில்லிகிராம் தாள் முதல் பக்கம், மினுக்கும் விளக்கு இரண்டாம் பக்கம், ஹிண்டன் சொன்னதும் நடந்ததும் மூன்றாம் பக்கத்தில் நாலு வரி. இரண்டு பேர் கேட்டேன், ஒருவருக்கு ஒப்புதல் வந்திருக்கிறது. மூன்றாவது வருஷச் சம்பள உயர்வை எழுத்தில் தர யோசிக்கிறார்கள், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் போதாது. ஒப்புநோக்க இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆளாக நானே உட்காரப்போகிறேன், தினமும் காலையில் ஒரு மணி நேரம்.

கதிர்ப்படம் மருத்துவரிடம் ஒரு சந்தேகம். உங்கள் பயிற்சி மருத்துவர் தன் முடிவைச் சேமித்த பிறகுதான் ஏஐயின் கட்டம் திறக்கும் என்றீர்களே, எத்தனை நாள் வரைக்கும்? ஒரு கட்டத்தில் அந்தப் பூட்டை எடுத்துவிடுவீர்களா?

பதில்: கதிர்ப்படம்

பயிற்சி முடியும் வரை எல்லாப் படத்துக்கும் பூட்டு உண்டு. முடிந்த பிறகு வாரத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாள் எனக்கும் உண்டு. போன செவ்வாய்க்கிழமை என் முறை. இதயத்தின் நிழலுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னப் புள்ளியை நான் விட்டுவிட்டேன், கட்டம் திறந்ததும் மென்பொருள் காட்டியது. அன்று பக்கத்தில் இருந்த பயிற்சி மருத்துவரிடம் நான் எங்கே பார்க்கத் தவறினேன் என்று படத்திலேயே காட்டினேன். உங்கள் காலை ஒரு மணி நேரத்தில், முடிந்தால் உங்கள் வரைவையும் ஒன்று அவரிடம் கொடுங்கள். பென்சில் அவர் கையில் இருக்கட்டும், மூலத்தை நீங்கள் வாசியுங்கள்.